ஆறு பெயர், ஒரே கிராஃப்

ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2019-ல்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. மூன்றே வரி. மஞ்சளைப் பற்றி நான் எழுதி இதழில் வந்த ஆய்வுக் கட்டுரையைப் பற்றியது. அனுப்பியவர் யாரென்று எனக்குத் தெரியாது. "உங்கள் கட்டுரையின் மூன்றாவது படத்தில் இரண்டாவது கிராஃபும் நான்காவது கிராஃபும் ஒன்றே போலத் தெரிகின்றன. மூலத் தரவைப் பகிர முடியுமா?" முதலில் கோபம்தான் வந்தது. வேலை இல்லாத ஆள் போல என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி பாப்பா தூங்கினதுக்கு அப்புறம் இரண்டு கிராஃபையும் பிரிண்ட் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

அச்சு அசலாக ஒன்றுதான். கலந்திருக்கிற பொருள்களைப் பிரித்து அளக்கிற ஹெச்.பி.எல்.சி. மெஷினில் மஞ்சளை ஓட்டினால் கிராஃபில் மூன்று பீக், அதாவது முகடு, வரும், மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்குமினும் அதன் இரண்டு உடன்பிறப்புகளும். மூன்று பீக் எல்லா மஞ்சளிலும் வரும், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது பீக்குக்குப் பின்னால் ஒரு சின்ன மேடு இருந்தது, பம்ப்பில் காற்றுக் குமிழ் போனால் வருமே, அந்த மாதிரி. ஒரு கிராஃப் மொடக்குறிச்சித் தோட்டத்து நாட்டு ரகம், இன்னொன்று சத்தியமங்கலம் பக்கத்து பி.எஸ்.ஆர்.-2 என்ற ரகம். வேறு மண், வேறு ரகம், வேறு நாள். இரண்டுக்கும் ஒரே இடத்தில் ஒரே மரு எப்படி இருக்கும்?

எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. கம்ப்யூட்டரில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் சார் பார்த்தது' என்று ஃபைல்கள். கெடு முடிகிற ராத்திரி, பாப்பாவுக்குக் காய்ச்சல், படத்தைச் சேர்க்கும்போது ஒரே ஃபைலை இரண்டு தடவை இழுத்துப் போட்டிருக்கிறேன். அட்டவணையில் இருந்த எண்கள் சரியான ஃபைலிலிருந்து வந்தவைதான், ஆகவே முடிவு மாறவில்லை. அது எனக்குத் தெரியும். படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? படத்தில் பொய் இருந்தால் அட்டவணையை மட்டும் எதற்கு நம்ப வேண்டும்? எலிசபெத் பிக் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் 20,621 உயிரியல் கட்டுரைகளை எடுத்துப் படம் படமாகப் பார்த்து, 3.8 சதவீதக் கட்டுரைகளில் இப்படிச் சிக்கலான படங்கள் இருப்பதாக 2016-ல் எழுதினார்கள். அதில் வேண்டுமென்றே செய்தவர்களும் உண்டு, என்னைப் போலத் தூக்கக் கலக்கத்தில் செய்தவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சரி, தப்பு என்னுடையது, இதழுக்கு எழுதித் திருத்தம் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஒரு வாரத்து வேலை. எனக்கு ஆனது பதினொரு மாதம். காரணம் அந்தக் கட்டுரையின் தலையில் இருந்த ஆறு பெயர்கள்.

அந்த ஆறு பேரைச் சொல்கிறேன். நான். என் கைடு. துறைத் தலைவர். மெஷினை இரண்டு நாள் கடன் கொடுத்த பக்கத்துத் துறைப் பேராசிரியர். அப்போது வெளிநாட்டுக்கு விண்ணப்பித்துக் கொண்டிருந்த கைடின் மகன். ஆறாவது ஆளை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை, துறைத் தலைவருக்கு வேண்டியவர் என்று மட்டும் தெரியும். யார் யாரை எதற்குச் சேர்க்கிறோம் என்று நான் கேட்கவே இல்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். எங்கள் பக்கம் கல்யாணத்தில் மொய் நோட்டு எழுதுவது மாதிரிதான் அந்தப் பட்டியல். இவர் நமக்கு வைத்தார், நாம் அவருக்குத் திருப்பி வைக்கிறோம், நாளைக்கு அவர் நம் பிள்ளைக்கு வைப்பார். மொய் நோட்டுக்கு அது சரி. அதில் பெயர் எழுதியதற்காக யாரும் பின்னால் வந்து, சாம்பாரில் உப்பு ஏன் அதிகம் என்று அவரைக் கேட்கப் போவதில்லை.

பட்டியலில் இல்லாத ஆளையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் லேபில் ஓர் அக்கா இருந்தார், அட்டெண்டர் வேலை. பிறந்த ஊர் கொடுமுடிப் பக்கம், மஞ்சக்காட்டிலேயே வளர்ந்தவர். நான் தோட்டம் தோட்டமாகப் போய் வாங்கி வந்த விரலி மஞ்சளை அவர் ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்ப்பார். "இது சரியா வேகலீங் கண்ணு, உள்ள பாரு, நடுவுல வெளுத்துக் கெடக்குது" என்று நாலு மாதிரியை ஒதுக்கி வைத்தார். நான் நம்பாமல் ஓட்டிப் பார்த்தேன், அந்த நாலும்தான் ஒன்றோடொன்று ஒட்டாத எண்ணைத் தந்தன. ஆய்வில் எந்த மாதிரியைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ததில் பாதிப் பங்கு அவருடையது. அவர் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இதில் கேவலம்.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு ஒன்று, ஒரு கட்டுரைக்கு யார் ஆசிரியர் என்பதற்கு நாலு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும், எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு இருக்க வேண்டும், அச்சுக்குப் போகும் வடிவத்தைப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும், பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்லப் பொறுப்பேற்க வேண்டும். இந்த நாலும் ஒருவரிடம் இருக்க வேண்டும், ஒன்றிரண்டு போதாது. பணம் வாங்கிக் கொடுத்தது, மெஷின் கொடுத்தது, துறைத் தலைவராக இருப்பது எதுவும் இதில் சேராது. வேதியியலிலும் பெரும்பாலான இதழ்கள் இதையோ இதைப் போன்றதையோதான் கேட்கின்றன. கட்டுரை அனுப்பும்போது 'எல்லா ஆசிரியர்களும் நிபந்தனையை நிறைவு செய்கிறார்கள்' என்ற கட்டத்தில் நான் டிக் அடித்திருக்கிறேன். என்ன நிபந்தனை என்று படிக்காமலே.

நாலாவது நிபந்தனையின் அர்த்தம் அந்தப் பதினொரு மாதத்தில்தான் புரிந்தது. திருத்தம் போட ஆறு பேரும் சம்மதம் எழுதித் தர வேண்டும் என்று இதழ் கேட்டது. மெஷின் கொடுத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், கல்லூரி மின்னஞ்சலை மூடிவிட்டார்கள். மகன் ஜெர்மனியிலிருந்து பதிலே போடவில்லை. துறைத் தலைவர், "எவனோ பேர் தெரியாதவன் கேக்கறான்னு நாம போய் தப்புன்னு ஒத்துக்கறதா?" என்றார். ஆறாவது ஆளுக்கு இப்படி ஒரு கட்டுரை இருப்பதே நினைவில்லை, தன் பெயருக்கு ஏதாவது கெடுதல் வருமா என்று மட்டும் கேட்டார். கைடு கோபப்படவில்லை. "அம்மிணி, தேன்கூட்டுல கல்ல உட்டெறியாத. பேசாம இரு, மறந்துருவாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி வந்து உட்கார்ந்திருந்தவர். அதனாலேயே அவரை மறுத்துப் பேச எனக்கு நாக்கு எழவில்லை.

கடைசியில் இதழ் ஆசிரியருக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவருடைய பதிலைப் படித்தபோதுதான் மூச்சு வந்தது. நேர்மையான தவறுக்குத் திருத்தம், முடிவையே நம்ப முடியாமல் போனால்தான் ரிட்ராக்ஷன் என்கிற கட்டுரை விலக்கல், உங்களுடையது முதல் வகை, மூல ஃபைல்களை அனுப்புங்கள், சக ஆசிரியர்களை நாங்களே தொடர்பு கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். பதிப்பு நெறிமுறைக்காக 1997-ல் பிரிட்டனில் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய 'கோப்' என்ற அமைப்பு, இன்ன பிரச்சினை வந்தால் இன்னது செய் என்று படம் போட்டே வைத்திருக்கிறது. ஆசிரியர் பட்டியல் தகராறு, சந்தேகப் படம், திருட்டு, எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. அதை முன்னாலேயே படித்திருந்தால் இத்தனை மாதம் பயந்து செத்திருக்க மாட்டேன். கட்டுரையை விலக்கிவிடுவார்கள், வேலை போய்விடும், ஊரில் தலைகாட்ட முடியாது என்றெல்லாம் கற்பனை ஓடியது. வந்தது அரைப்பக்கத் திருத்தம்.

அதிலிருந்து நான் செய்கிற காரியம் ஒன்று உண்டு. முதல் மாதிரியை எடை போடுவதற்கு முன்னாலேயே ஒரு தாளில் யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று எழுதி, எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுவேன். இப்போது பல இதழ்கள் பங்களிப்பைப் 14 வகையாகப் பிரித்து யார் எதைச் செய்தார் என்று கேட்கின்றன, அதே பட்டியலை வைத்துக்கொண்டால் போதும். பெரியவர்கள் யாராவது பெயரைச் சேர்க்கச் சொன்னால் 'முடியாது' என்று சொல்ல எனக்கு இன்றும் வராது. அதற்குப் பதிலாக, "சேத்தறனுங்க சார், பின்னாடி யாராச்சும் கேள்வி கேட்டா எந்தப் பகுதிக்கு நீங்க பதில் சொல்றீங்கன்னு போடணும்ங்களாம், எதைப் போட்டுக்கட்டும்ங்க?" என்று பணிவாகக் கேட்பேன். பாதிப் பேர் தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். மீதிப் பாதியில் ஒன்றிரண்டு பேர் உட்கார்ந்து உண்மையிலேயே படித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள், அது நான் எதிர்பாராதது. ஃபைல் பெயர்களில் இப்போது 'ஃபைனல்' கிடையாது. தேதி, ரகம், தோட்டம், எத்தனையாவது ஓட்டம், அவ்வளவுதான். மெஷினிலிருந்து வந்த மூல ஃபைலை நான் திருத்தக்கூட முடியாத இடத்தில் தனியாகப் போட்டு வைக்கிறேன்.

இதற்கு நடுவில் காசு வாங்கிக்கொண்டு எதையும் போடுகிற இதழ்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் வரும், ஐந்து நாளில் பிரசுரம், 3,500 ரூபாய், சான்றிதழ் இலவசம் என்று. எங்கள் கல்லூரியில் இன்கிரிமென்ட் சமயத்தில் அந்தச் செய்தி கைமாறுகிற வேகம் தீபாவளிச் சீட்டுப் பணத்துக்கும் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-ல் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்கியது. அப்புறம் கேர் பட்டியல் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், 2025-ல் அதையும் நிறுத்திவிட்டு, இதழைத் தேர்வு செய்வது கல்வி நிறுவனங்களின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். 'பட்டியலில் இருந்தது சார்' என்று தப்பிக்கிற வழி இனி இல்லை. நான் பார்ப்பது மூன்று விஷயம்தான். ஆசிரியர் குழுவில் இருக்கிற ஒருவரின் சொந்தப் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் இந்த இதழைத் தன் பணியாகச் சொல்கிறாரா என்று பார்ப்பேன். பழைய கட்டுரைகள் இரண்டின் டி.ஓ.ஐ. எண்ணை, அதாவது இணையத்தில் அந்தக் கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்ணைத் தட்டி, திறக்கிறதா என்று பார்ப்பேன். ரிவ்யூ, அதாவது துறை தெரிந்த வேறொருவர் கட்டுரையைப் படித்து மதிப்பிடுவது, எத்தனை நாளில் என்று வாக்குக் கொடுக்கிறார்களா என்று பார்ப்பேன், வாக்குக் கொடுத்தால் ஓடிவிடுவேன். யாருக்குப் போகும், எப்போது படிப்பார்கள் என்று தெரியாமல் ஐந்து நாள் என்று எப்படிச் சொல்ல முடியும்? மாட்டிக்கொண்ட ஒரு தங்கைக்கு நடந்தது இது: கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னபோது அதற்கும் தனிக் கட்டணம் கேட்டார்கள். அது அங்கே கிடக்கும்வரை வேறு நல்ல இதழுக்கும் அனுப்ப முடியாது, ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் கொடுத்த குற்றமாகிவிடும்.

பெரிய பதிப்பகம் என்றால் பயமில்லை என்றும் சொல்ல மாட்டேன். வைலி 2021-ல் வாங்கிய ஹிந்தாவி நிறுவனத்தின் இதழ்களிலிருந்து 2023-ல் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் விலக்கப்பட்டன. பெரும்பாலும் விருந்தினர் ஆசிரியர்கள் நடத்திய சிறப்பிதழ்கள் வழியாகப் புகுந்தவை.

ஒரு மாணவியின் கதையைச் சொல்லாமல் விட முடியாது, சிரிப்பும் வரும் அழுகையும் வரும். யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை மற்றவர் எழுத்தோடு ஒத்த வாசகம் இருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேலே போனால் படிப்படியாகச் சிக்கல். அந்தப் பெண்ணுக்கு முப்பது சொச்சம் வந்திருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று வாக்கியத்தை மாற்றித் தரும் மென்பொருளில் முழுக் கட்டுரையையும் போட்டு எடுத்து வந்தாள், ஏழு சதவீதம். சந்தோஷமாகக் காட்டினாள். படித்தால், மஞ்சள் 'ஃப்ரீ எக்ஸ்ட்ரீமிஸ்ட்'டை அடக்குகிறது என்று இருந்தது. எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவே இல்லை. ஃப்ரீ ராடிகல், உடம்பில் செல்களைக் கெடுக்கிற வேதித் துகள்! ராடிகலைத் தீவிரவாதியாக்கி விட்டது மென்பொருள். எங்கள் ஊர் மஞ்சள் சுதந்திரத் தீவிரவாதிகளை ஒழிக்கிறது என்று பேப்பர். இப்படிச் சிதைந்த சொற்களைத் தேடிப் பிடித்தே போலிக் கட்டுரைகளை அடையாளம் காணலாம் என்று கபனாக், லாபே, மகசினோவ் என்ற மூவர் 2021-ல் காட்டினார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு 'புஸம் பெரில்' (மார்பு ஆபத்து), செயற்கை நுண்ணறிவுக்கு 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) என்றெல்லாம் அச்சாகியிருக்கிறது. அச்சானது என்றால் அதை ஒரு ரிவ்யூவர் படிக்காமலே 'நன்று' என்று எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. அவளுக்குச் சொந்த வாக்கியம் எழுத யாரும் கற்றுக் கொடுக்கவில்லை, நானும்தான். இரண்டு வாரம், தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம், மூலக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு அதில் என்ன இருந்தது என்று முதலில் தமிழில் சொல்லச் சொன்னேன், அப்புறம் அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். எட்டு சதவீதம் வந்தது. தீவிரவாதி யாரும் இல்லை.

மஞ்சளில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த விஷயத்தில் கூடுதல் கூச்சம் வேண்டும். குர்குமின் என்றால் எல்லா நோய்க்கும் மருந்து என்று ஆயிரக்கணக்கில் கட்டுரைகள். 2017-ல் ஒரு மருந்து வேதியியல் இதழில் வந்த பெரிய மதிப்பாய்வு, 120-க்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகளுக்குப் பிறகும், யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்று நோயாளிக்கும் சோதிப்பவருக்கும் தெரியாமல் நடத்துகிற முறையான சோதனை ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று எழுதியது. குர்குமின் ஒளிரும், சீக்கிரம் உடையும், கண்டதோடும் ஒட்டும், அதனால் சோதனைக் குழாயில் வேலை செய்கிற மாதிரி நம்மை ஏமாற்றும். இந்தத் துறையின் பெரிய பெயர் ஒருவரின் கட்டுரைகளில் இருபதுக்கு மேல் விலக்கப்பட்டிருக்கின்றன. மஞ்சள் எங்களுக்குச் சோறு போட்ட பயிர், பெருமையாகச் சொல்லத்தான் ஆசை. சாறு எடுக்கிற ஒரு கம்பெனி எங்கள் ஆய்வுக்குப் பணம் தர முன்வந்தது, எண் குறைவாக வந்தால் வெளியிடுவதற்கு முன் தங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. வேண்டாம் என்று சொல்ல அந்தத் தடவை எனக்குச் சிரமமாக இல்லை. பணம் தருகிறவர் மாமா மச்சான் யாரும் இல்லை பாருங்கள்.

இனி ரிவ்யூ. நான் செய்த பாவத்திலிருந்தே தொடங்குகிறேன். 2020-ல் ரிவ்யூ செய்யச் சொல்லி எனக்கு இரண்டாவதோ மூன்றாவதோ வந்த கட்டுரை. அதன் மேற்கோள் பட்டியலில் என் இரண்டு கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்லி எழுதினேன். ஒன்று பொருத்தமானது. இன்னொன்று பொருந்தாது, எனக்கே தெரியும். அந்த ஆசிரியர்கள் என்ன செய்வார்கள், 'மஞ்சள் பல பகுதிகளில் ஆராயப்பட்டுள்ளது' என்று ஒரு வெற்று வரி எழுதி இரண்டின் மேற்கோள் எண்ணையும் பக்கத்தில் போட்டார்கள். அந்த வரி இன்னும் அங்கே இருக்கிறது, எப்போதாவது கண்ணில் பட்டால் முகம் சுருங்கும். அடுத்த வருஷம் என் கட்டுரைக்கு வந்த ரிவ்யூவில் ஒருவர் ஐந்து கட்டுரைகளைச் சேர்க்கச் சொன்னார், ஐந்தும் ஒரே ஆளுடையது. அநியாயம் என்று கத்தினேன். வீட்டுக்காரர், "நீ ரெண்டு கேட்ட, அவரு அஞ்சு கேக்கறாரு" என்றார். இதழ் ஆசிரியருக்கு எழுதினேன், சேர்க்க வேண்டியதில்லை என்று பதில் வந்தது. இப்படி எழுதிக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

மொழியைக் கேலி செய்வதையும் அதே காலத்தில் செய்திருக்கிறேன். ஒரு வியட்நாம் குழுவின் கட்டுரையில் ஆங்கிலம் மோசம், யாரிடமாவது காட்டித் திருத்தவும் என்று ஒரே வரியில் தள்ளினேன். என் ஆங்கிலம் என்ன லண்டனிலா விளைந்தது? எந்த வாக்கியம் புரியவில்லை, எதற்காகப் புரியவில்லை என்று இப்போது எழுதுகிறேன். ஒரு கட்டுரைக்கு ஐந்தாறு மணி நேரம் பிடிக்கிறது. அந்த நேரம் இல்லாவிட்டால் அழைப்பு வந்த அன்றே மறுத்துவிட வேண்டும். ஒத்துக்கொண்டு ஆறு வாரம் மூடி வைத்திருப்பது, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாமல் காத்திருக்கும்போது, திருடுவதற்குக் கொஞ்சம்தான் குறைவு. படிக்க நேரமில்லாமல் கட்டுரையைத் தூக்கிச் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் போட்டு ரிவ்யூ எழுதி வாங்குகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். நம்பிக் கொடுத்த வெளியாகாத கட்டுரை அது, வேறொருவர் சர்வரில் ஏற்ற நமக்கு உரிமை கிடையாது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் தன் மானிய மதிப்பாய்வுகளில் இதை 2023-லேயே தடை செய்துவிட்டது.

2022-ல் வந்ததுதான் கஷ்டமானது. அழைப்பில் தலைப்பும் சுருக்கமும் மட்டும் இருந்தன. மஞ்சள், அதுவும் நம் பக்கம், ஆசையாக ஒத்துக்கொண்டேன். ஃபைலைத் திறந்தால் கடைசிப் பெயர் என் கைடுடையது. அந்த நிமிஷமே இதழுக்கு எழுதி விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. இரண்டு நாள் சும்மா இருந்தேன், படித்துத்தான் பார்ப்போமே என்று ஒரு பக்கம், விலகினால் அவருக்குத் தெரிந்து வருத்தப்படுவாரோ என்று ஒரு பக்கம். மூன்றாம் நாள் போன் வந்தது.

"அம்மிணி, உங்கிட்ட ஒண்ணு வந்திருக்குமே?"

எனக்குக் கை நடுங்கியது. இவருக்கு எப்படித் தெரியும்? யார் ரிவ்யூ பார்க்கிறார் என்பது இதழ் ஆசிரியருக்கு மட்டும்தானே தெரியும்?

"நாந்தான் உம்பேரக் குடுத்தேன். அந்தப் பய முடிச்சுட்டுப் போகோணும், கல்யாணம் வேற நிச்சயமாயிருக்குது. பாத்துக்கம்மிணி."

இதழ்கள் ரிவ்யூவர்களை நீங்களே பரிந்துரைக்கலாம் என்று ஒரு கட்டம் வைத்திருக்கின்றன. நல்ல எண்ணத்தில் வைத்தது. அந்தக் கட்டத்தைப் பயன்படுத்தித் தாவர மருந்துகளை ஆராய்ந்த தென்கொரியர் ஒருவர், தானே உருவாக்கிய மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்துத் தன் கட்டுரைகளுக்குத் தானே ரிவ்யூ எழுதிக்கொண்டார். 2012-ல் அவர் மாட்டியது, ரிவ்யூக்கள் எல்லாம் ஒரே நாளுக்குள் திரும்பி வந்ததால். அந்த வேகத்தில் எந்த ரிவ்யூவர் படிப்பார் என்று இதழ் ஆசிரியருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. என் கைடு அந்த அளவுக்கெல்லாம் போகிறவர் இல்லை. தன் மாணவியின் பெயரைக் கொடுத்தால் என்ன தப்பு என்று உண்மையாகவே நினைத்தார். தெரிந்தவரிடம் கொடுப்பது எங்கள் பக்கம் நம்பிக்கையின் அடையாளம், தெரியாதவரிடம் போவதுதான் ஆபத்து.

"சரிங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்குச் சரி என்று எனக்கே தெரியாது. சாயந்திரம் வரை உட்கார்ந்து இதழ் ஆசிரியருக்கு நாலு வரி எழுதினேன்: கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் என் ஆய்வு வழிகாட்டி, முன்பு சேர்ந்து எழுதியிருக்கிறோம், அவர் என்னைத் தொடர்பு கொண்டார், ஆகவே விலகுகிறேன், கட்டுரையின் நகலை அழித்துவிட்டேன். மூன்றாவது விஷயத்தை எழுதுவதா வேண்டாமா என்பதற்குத்தான் அவ்வளவு நேரம். எழுதாமல் விலகியிருந்தால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. ஆனால் அடுத்த பெயரும் அவர் கொடுத்ததாகவே இருக்கும், அங்கேயும் ஒரு போன் போகும்.

அடுத்த ஆவணியில் கோபியில் ஒரு கல்யாணம். அவரும் வந்திருந்தார். வழக்கமாகப் பக்கத்து இலையில் உட்கார வைத்துக்கொள்வார். அன்றைக்கு முந்தின பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டார். வெளியே செருப்பைத் தேடும்போது எதிரில் வந்துவிட்டேன். "தோட்டத்துல மஞ்சள் போட்டிருக்கறீங்களா?" என்றார். எப்போதும் ஒருமையில் கூப்பிடுகிறவர், அன்றைக்குப் பன்மை. ஒன்றரை ஏக்கர் போட்டிருக்கிறோம் சார் என்றேன். கிழங்கு அழுகல் வந்திருக்கிறதா, தண்ணீர் எப்படி, போன தடவை என்ன விலைக்குப் போச்சு என்றெல்லாம் கேட்டார். வேறு எதையும் இருவரும் பேசவில்லை. அந்தக் கட்டுரை திருத்தங்களோடு வேறு இதழில் வந்தது. படித்தேன், நன்றாகவே இருந்தது. நான் பார்க்காமலே நன்றாக வந்திருக்கிறது.

இதை எழுதும்போது திரையின் இன்னொரு மூலையில் ரிவ்யூவுக்கு வந்த ஒரு கட்டுரை திறந்து கிடக்கிறது. தெலங்கானாப் பக்கத்து மஞ்சள், எழுதியவர்கள் யாரும் எனக்குத் தெரிந்தவர்கள் இல்லை, இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டேன். செய்முறைப் பகுதியில் 32 மாதிரி என்கிறார்கள், இரண்டாவது அட்டவணையைக் கூட்டினால் 36 வருகிறது. அந்த நாலு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். எங்கள் அக்கா ஒதுக்கி வைத்த மாதிரி அவர்களிடமும் வேகாத நாலு இருந்து, ஒரு இடத்தில் எடுத்துவிட்டு இன்னொரு இடத்தில் எடுக்க மறந்திருக்கலாம். கெடு புதன்கிழமை.